இடம் அறிந்த மெட்டு: ஜி. இராமநாதனின் திரையிசை வாழ்வு

(இலங்கை வன்னியிலுள்ள முள்ளியவளையில் இசையன்பர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, கூத்துப் பழக்கும் அண்ணாவிமார்களே, இசை ஆசிரியர்களே, பெரியோர்களே, இளையோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாரியம்மனின் பிள்ளையான காத்தவராயனின் கதையைச் சொல்லும் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நிறைந்த அவை இது. ஆகவே திரையிசை பற்றிய இந்தப் பேச்சையும் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1941 ஆம் ஆண்டில் 'ஆரியமாலா' என்றொரு தமிழ்ப் படம் வெளிவந்தது. பி. யு. சின்னப்பா அதில் காத்தவராயனாக நடித்தார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1958 இல், அதே கதை சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடிக்க, 'காத்தவராயன்' என்ற பெயரிலேயே மறுபடியும் படமாயிற்று. இந்த இடைவெளியில் நடிகர்கள் மாறினார்கள், பாடும் முறை மாறியது, ஒலிப்பதிவுக் கருவிகள் மாறின, கொட்டகைக்கு வந்து அமர்ந்தவர்களின் தலைமுறையே மாறிவிட்டது. ஆனால் இரண்டு படங்களுக்கும் இசையமைத்தவர் ஒருவரே. அவர்தான் ஜி. இராமநாதன்.

கர்நாடக இசையைச் சினிமாவுக்குள் கொண்டுவந்து பாமரனுக்கும் ராகத்தை ஊட்டியவர் என்று அவரைப் புகழ்வது வழக்கம். அது பாதி உண்மை. ராகம் தெரிந்தவர்கள் அவர் காலத்தில் வேறு பலரும் இருந்தார்கள். அவரைவிட ஆழமாகத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். இராமநாதனின் திறமை வேறிடத்தில் இருந்தது என்பது என் கருத்து. கதையில் யார், யாரிடம், எந்த நெருக்கடியில் பாடுகிறார் என்பதைப் பார்த்து அதற்கேற்ற மெட்டைத் தேடியவர் அவர். அந்த மெட்டு கல்யாணி ராகத்தில் கிடைத்தால் கல்யாணியை எடுப்பார். லாவணியில் கிடைத்தால் லாவணியை எடுப்பார். மேல்நாட்டு ஆட்டத் தாளத்தில் கிடைத்தால் அதையும் கூச்சமின்றி எடுப்பார். அடிப்படையில் அவர் ஒரு நாடகக்காரர்.

அதற்குக் காரணம் அவர் வந்த வழி. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள பிச்சாண்டார்கோவில் அவருடைய ஊர். அண்ணன் சுந்தர பாகவதர் கதாகாலட்சேபம் செய்பவர். தம்பி அவருக்கு ஆர்மோனியம் வாசித்தார். காலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பது கச்சேரிக்கு வாசிப்பதைப் போன்றதன்று. கதை சொல்பவர் ஒரே இரவில் கீர்த்தனைக்குப் போவார், விருத்தத்துக்கு வருவார், நாமாவளி பிடிப்பார், மராட்டியத்திலிருந்து வந்த சாகி, திண்டி என்ற பாட்டு வகைகளையும் தொடுவார், இடையில் நொண்டிச்சிந்தில் ஒரு நகைச்சுவையையும் சொல்லி முடிப்பார். எப்போது எதற்குத் தாவுவார் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். ஆர்மோனியக்காரர் கதையைக் காதில் வாங்கிக்கொண்டே விரலை நகர்த்த வேண்டும். இங்கே முன்வரிசையில் இருக்கும் நம் கூத்து ஆர்மோனியக்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வரவுப் பாட்டு முடிந்து தர்க்கம் தொடங்கும் இடத்தில் அண்ணாவியாரின் முகத்தை ஒரு கணம் பார்த்து அடுத்த கட்டையைப் பிடிப்பவர்கள் அவர்கள். இராமநாதனின் பள்ளிக்கூடமும் அதுவே.

அவர் சினிமாவுக்குள் வந்த காலத்தில் தமிழ்ப் படம் என்பது பெரும்பாலும் படம் பிடிக்கப்பட்ட இசைநாடகமாகவே இருந்தது. 1934 இல் வந்த 'பவளக்கொடி'யில் ஐம்பது பாட்டுகள் வரை இருந்தன. எம். கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான படம் அது. பாடத் தெரியாதவர் கதாநாயகராக முடியாது. பாட்டுக்காகவே சனம் வந்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இசைநாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' என்ற அரிச்சந்திரன் நாடகத்தை ஒரு பாட்டுக்காகவே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த மனநிலை நன்றாக விளங்கும்.

அந்தக் காலத்தின் உச்சமாக 1943 இல் 'சிவகவி'யும் 1944 தீபாவளிக்கு 'ஹரிதா'ஸும் வந்தன. 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இவ்விரு படங்களின் பாடல்களையும் இயற்றியவர் பாபநாசம் சிவன். சொல்லையும் மெட்டையும் ஒன்றாகவே நினைப்பவர் அவர். 'ஹரிதா'ஸில் அவருடைய பாட்டுகளை வாத்தியக் குழுவுக்கு ஏற்றவாறு அமைப்பதும் பின்னணி இசை தருவதும் இராமநாதனின் பங்கு. ஆகவே அந்தப் பாட்டுகளின் முழுப் புகழையும் இராமநாதனிடம் கொடுப்பது சிவனுக்குச் செய்யும் அநியாயம். இரசிகர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். அதேவேளை, சிவன் போன்ற ஒருவரின் அருகில் இருந்து, ஒரு ராகத்தின் முழு உருவத்தையும் மூன்று நிமிடத்துக்குள் காட்டும் வித்தையை இராமநாதன் கண்டுகொண்டார் என்று சொல்லலாம். அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடந்தான் ஓடும். கச்சேரியில் அரை மணி நேரம் விரியும் ஆலாபனை, அங்கே பாட்டுக்கு முன்னால் வரும் தொகையறாவில், ராகத்தை இனங்காட்டும் நாலைந்து பிடிகளாகச் சுருங்க வேண்டும். எந்தப் பிடியை வைப்பது, எதை விடுவது என்பதிலேதான் இசையமைப்பாளரின் அறிவு தெரியும்.

அதே 1944 இல் பி. யு. சின்னப்பா நடித்த 'ஜகதலப்பிரதாப'னும் இராமநாதனின் இசையில் வந்தது. ஒரே மேடையில் பல சின்னப்பாக்கள் அமர்ந்து, ஒருவர் பாட, மற்றவர்கள் பக்கவாத்தியம் வாசிக்கும் காட்சி அதில் உண்டு. கணினி இல்லாத காலம். ஒரே படச்சுருளில் பகுதி பகுதியாக நடிகரைப் பிடித்து ஒட்ட வேண்டும். முன்பே பதிவான இசையோடு ஒவ்வொரு கையசைவும் ஒத்துப்போக வேண்டும். தாளம் அரை மாத்திரை பிசகினாலும் காட்சி சிரிப்புக்கிடமாகிவிடும்.

அந்த ஆண்டின் முடிவில் பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். அவர் 1947 இல் விடுதலையாகி வந்தபோது தமிழ் சினிமா அவருக்காகக் காத்திருக்கவில்லை. பாட்டு குறைந்து வசனம் முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. பாடும் நடிகரை நம்பியிருந்த பலர் அந்த மாற்றத்தோடு ஒதுங்கிப் போனார்கள். இராமநாதன் சேலத்து மொடர்ன் தியேட்டர்ஸுக்குப் போனார். 1947 இல் 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி', 1950 இல் 'பொன்முடி', அதே ஆண்டில் 'மந்திரி குமாரி' என்று அவருடைய இரண்டாவது வாழ்வு அங்கே தொடங்கியது.

'மந்திரி குமாரி' மு. கருணாநிதியின் வசனத்துக்காகப் பேசப்பட்ட படம். வசனம் ஆளும் படத்தில் பாட்டுக்கு என்ன வேலை என்பதற்கு 'வாராய் நீ வாராய்' என்ற பாட்டு விடை. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. படத்தைப் பாராமல் வானொலியில் மட்டும் கேட்டவர்கள் அதை இனிய காதல் பாட்டு என்றே நினைத்திருப்பார்கள். படத்திலோ, கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அங்கிருந்து அவளைத் தள்ளிக் கொல்வது அவன் திட்டம். மெட்டு நிலவையும் தென்றலையும் காட்டி வாவென்று அழைக்கிறது. அவன் மனத்திலிருக்கும் நஞ்சில் ஒரு துளியைக்கூட இராமநாதன் அந்த மெட்டில் கலக்கவில்லை. கலந்திருந்தால் கூட வரும் மனைவிக்கும் தெரிந்துவிடும் அல்லவா? அவளுக்குக் கேட்கும் பாட்டைத்தான் நமக்கும் கேட்கவைக்கிறார். பிறகு உச்சியில் உண்மை வெளிப்பட்டு, கடைசியாகக் கணவனை மூன்று முறை வலம்வர அனுமதி கேட்டு, சுற்றி வந்து, அவனையே அவள் தள்ளிவிடும்போது, கீழே கேட்ட இனிமை முழுவதும் நம் நெஞ்சில் புளித்துப் போகிறது. ராக இலக்கணம் எவ்வளவு படித்தாலும் இந்த அடக்கம் வந்துவிடாது.

பின்னணிப் பாடகர்கள் வந்த பிறகு, நடிகருக்கு ஏற்ற குரலைத் தேடுவதும் இசையமைப்பாளரின் பொறுப்பாயிற்று. டி. எம். சௌந்தரராஜன் 1950 இல் 'கிருஷ்ண விஜய'த்தில் அறிமுகமானபோது, பாகவதரின் சாயலில் பாடும் இளைஞராகவே அறியப்பட்டார். 'பராசக்தி'யில் சிவாஜிக்குக் குரல் கொடுத்தவர் சி. எஸ். ஜெயராமன். 1954 இல் இராமநாதன் இசையமைத்த 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்காகச் சௌந்தரராஜன் பாடினார். அது பழைய கூத்துக் கதை. 'ஏறாத மலைதனிலே' போன்ற பாட்டுகள் நாடக மேடையின் வீச்சோடு, கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும் குரலைக் கேட்டவை. சிவாஜியின் நடிப்பிலும் அதே வீச்சு இருந்தது. இரண்டும் பொருந்திப் போயின. பின்னர் பல ஆண்டுகள் தமிழ் சினிமாவில் பிரிக்க முடியாததாக இருந்த அந்த இணைப்பு உறுதியானது இந்தப் படத்தில்தான்.

இப்போது ஒரு ராகத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சாருகேசி, மேளகர்த்தா எனப்படும் தாய் ராகங்களில் இருபத்தாறாவது. தியாகராஜரின் 'ஆடமோடி கலதே' அதில் அமைந்த கீர்த்தனை; அதைவிட்டால் அன்றைய கச்சேரிகளில் அது அதிகம் புழங்கிய ராகம் அன்று. அதன் கீழ்ப்பாதி, 'ச' என்ற ஷட்ஜத்திலிருந்து 'ப' என்ற பஞ்சமம் வரை, சங்கராபரணத்தைப் போல வெளிச்சமானது. பஞ்சமத்தைத் தாண்டியதும் சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என்ற சுரங்கள் வந்து சேர, முகம் வாடிவிடுகிறது. மகிழ்ச்சியில் தொடங்கி ஏக்கத்துக்கு ஏறும் ராகம் அது. நாடகக்காரர் ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

'ஹரிதா'ஸின் 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' சாருகேசி. பாகவதர் பாட, டி. ஆர். ராஜகுமாரி எதிரில் நிற்கும் அந்தக் காட்சியில் ராகம் சரசத்துக்கு வேலை செய்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 'மதுரை வீர'னில் எம். எல். வசந்தகுமாரி பாடி பத்மினி ஆடும் 'ஆடல் காணீரோ' வருகிறது. அதுவும் சாருகேசி. ஆனால் இங்கே சரசம் இல்லை. சொக்கநாதரின் திருவிளையாடல்களை அவையில் சொல்லி ஆடும் நாட்டியம். ஆடுபவள் கால் வைக்க வேண்டும் என்பதால் மெட்டு துண்டு துண்டாக, அடவுக்கு இடம் விட்டு நடக்கிறது. மறுபடியும் இரண்டு ஆண்டுகளில், 1958 இல், 'சாரங்கதரா'வில் சௌந்தரராஜன் பாடும் 'வசந்த முல்லை போலே வந்து'. இம்முறை அதே ராகம் நீண்டு, வளைந்து, காதல் மயக்கத்தில் தள்ளாடி வருகிறது. மூன்று பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், சுரம் தெரிந்தவர் உறவைக் கண்டுபிடிப்பார். தெரியாதவர் மூன்று வேறு மனிதர்களைச் சந்தித்ததாகவே உணர்வார். முதற் பாட்டில் பாபநாசம் சிவனின் கை இருக்கிறது. மற்ற இரண்டும் இராமநாதன் அந்த ராகத்தைத் தன் வீட்டுப் பிள்ளையாக வளர்த்தெடுத்தவை.

1957 இல் வந்த 'அம்பிகாபதி'யில் இன்னும் துணிச்சலான ஒரு காரியம் செய்தார். சௌந்தரராஜனும் பி. பானுமதியும் பாடும் 'வாடா மலரே தமிழ்த்தேனே' காதலர் பாட்டு; அதை அவர் முகாரியில் அமைத்தார். முகாரி என்றால் அழுகை என்று நாம் பழகிவிட்டோம். ஒருவர் புலம்பத் தொடங்கினாலே முகாரி பாடுகிறார் என்று கேலி செய்கிறோம். காதலர் கூடிக் களிக்கும் இடத்தில் அதை வைப்பது பிழை என்று அன்று யாராவது சொல்லியிருந்தாலும் வியப்பில்லை. ஆனால் அம்பிகாபதியின் கதை எப்படி முடியும் என்பது கேட்பவர் எல்லாருக்கும் தெரியும். நூறு பாட்டில் ஒன்று குறைந்து உயிர் போகும் கதை அது. காதலருக்குத் தெரியாததை ராகம் அறிந்திருக்கிறது. 'வாராய்' பாட்டில் கதையின் முடிவை மெட்டு மறைத்தது. இங்கே முன்கூட்டியே கசிய விடுகிறது. இரண்டுமே இடம் அறிந்து செய்தவை.

அவரைச் சங்கீதக்காரராக மட்டும் பார்ப்பவர்கள் ஒதுக்கிவிடும் பாட்டுகளும் சில உண்டு. 'சக்கரவர்த்தித் திருமக'ளில் என். எஸ். கிருஷ்ணனும் சீர்காழி கோவிந்தராஜனும் பாடும் 'சீர்மேவு குருபதம்' லாவணிப் போட்டி. கேள்வியும் பதிலுமாக ஓடும் அந்தப் பாட்டில் மெட்டு குறுக்கே நிற்காமல் சொல்லுக்கு வழி விடுகிறது. 'உத்தமபுத்திர'னில் 'யாரடி நீ மோகினி' என்று சிவாஜி துள்ள, ஹெலன் ஆட, மேல்நாட்டுத் தாளம் புயலாக வருகிறது. சாருகேசி செய்த கைதானா இது என்று கேட்கத் தோன்றும். அதே கைதான். களியாட்டத்தில் மூழ்கிய கெட்ட அரசனின் கூடத்துக்குச் சாருகேசி எதற்கு?

'வீரபாண்டிய கட்டபொம்ம'னில், 1959 இல், 'போகாதே போகாதே என் கணவா' என்று ஒரு பாட்டு. கெட்ட கனவு கண்ட மனைவி, போருக்குப் புறப்படும் கணவனைத் தடுக்கிறாள். அரண்மனை இசைக்குரிய அலங்காரம் எதுவும் இல்லாமல், ஒப்பாரிக்கு ஓரடி இப்பால் நிற்கும் நாட்டுப்புற மெட்டு. கட்டபொம்மன் தூக்கிலேறியது 1799 இல். நம் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் தோற்றது 1803 இல். நாலாண்டு இடைவெளியில், கடலின் இரு கரையிலும், ஒரே வெள்ளையரை எதிர்த்து நடந்த சண்டைகள் என்பதால் இந்தப் படம் இங்கே அயலூர்க் கதையாகப் பார்க்கப்படவில்லை. அந்தப் பாட்டை இந்த மண்ணில் கேட்பவர்களுக்கு அதன் பொருள் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாட்டுகள் நம்மிடம் வந்தது பெரும்பாலும் இலங்கை வானொலி வழியாகவும், திருவிழாக்களில் மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி வழியாகவும். 1952 இல் இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கத் தொடங்கியபோது, கொழும்பு வானொலிக்குக் கடலுக்கு அப்பாலும் நேயர்கள் பெருகினார்கள். பின்னாளில் மின்சாரமும் பற்றறியும் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலி கேட்ட வீடுகள் வன்னியெங்கும் இருந்தன. சுற்றுபவருக்குக் கை தளர்ந்தால் குரலும் மங்கும். பழைய பாட்டுகளின் மீது நமக்கிருக்கும் பற்றில் அந்தச் சைக்கிள்களுக்கும் பங்குண்டு.

காத்தவராயனிடம் திரும்புகிறேன். 1958 படத்தின் 'வா கலாப மயிலே' இன்றும் கேட்க இனிக்கிறது. ஆனாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். திரைக்கதை அந்தத் தெய்வப் பிள்ளையைக் காதல் நாயகனாக்கிவிட்டது. இராமநாதனும் கதைக்கேற்பக் காதல் நாயகனுக்கே இசை தந்தார். நம் கூத்திலோ, நேர்த்தி வைத்து ஆடுபவர் கழுமரத்தில் ஏறும் கட்டம் வரும்போது, இரவு முழுவதும் திரும்பத் திரும்ப ஒலித்த அதே சிந்து மெட்டு, புதிதாக எதுவும் சேர்க்காமலே கனத்துப் போகிறது. அதற்கு ஓர் இரவின் நீளம் வேண்டும். மூன்று நிமிடத் தட்டுக்குள் வேலை செய்தவருக்கு அந்த நீளம் கிடைக்கவில்லை. கூத்திலே சினிமா மெட்டைப் புகுத்தலாமா கூடாதா என்பதில் இந்த மண்டபத்திலேயே இரண்டு கட்சி உண்டு என்பது எனக்குத் தெரியும். இன்று அந்தச் சண்டையை நான் தொடக்கப்போவதில்லை. புகுத்த விரும்புகிறவர்கள் இராமநாதனிடம் மெட்டை எடுப்பதைவிட, மெட்டை எங்கே வைப்பது என்ற கணக்கை எடுத்துக்கொண்டால் நல்லது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

1961 இல் பி. ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' வந்தது. பாரதியின் கவிதைகளுக்கு மெட்டமைக்கும் வேலை. சந்தமும் சொல்லும் ஏற்கெனவே முடிந்துபோனவை. கவிஞரிடம் ஒரு சீரை மாற்றிக் கேட்க முடியாது. 'காற்று வெளியிடைக் கண்ணம்மா'வை பி. பி. ஸ்ரீனிவாஸும் பி. சுசீலாவும் ஏறக்குறைய பேச்சின் மென்மையில் பாடுகிறார்கள். 'என்று தணியும் இந்த சுதந்திர தாகம்' திருச்சி லோகநாதனின் குரலில் நெஞ்சைப் பிளக்கிறது. படம் வசூலில் தோற்றது. பாட்டுகள் தோற்கவில்லை: பாரதி விழாவில் நம் பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கவிதைகளை இன்றும் பெரும்பாலும் அதே மெட்டில்தான் பாடுகிறார்கள், யாருடைய மெட்டு என்று அறியாமலே.

அதே ஆண்டில் 'பாசமலர்', 'பாவமன்னிப்பு', 'பாலும் பழமும்' என்று விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் மெல்லிசை நாட்டைப் பிடித்துக்கொண்டது. அரச கதைகள் போய்க் குடும்பக் கதைகள் வந்தன. கொட்டகையின் கடைசி வரிசைக்கு எறிந்து பாடிய குரல், ஒலிவாங்கிக்கு அருகில் வந்து முணுமுணுக்கத் தொடங்கியது. இராமநாதனின் காலம் அத்தோடு முடிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். 1962 இல் வந்த 'தெய்வத்தின் தெய்வம்' படத்தைக் கேட்டால் அப்படிச் சொல்ல மனம் வராது. எஸ். ஜானகி பாடிய 'பாட்டுப் பாட வாயெடுத்தேன்', சுசீலா பாடிய 'நீ இல்லாத உலகத்திலே' இரண்டும் புதிய காலத்தின் மென்குரலுக்கே எழுதப்பட்டவை. அடியில் ராகம் மட்டும் பழைய உறுதியோடு நிற்கிறது. மூன்றாவது முறையும் தம்மை மாற்றிக்கொள்ள அவர் தொடங்கியிருந்தார். அவகாசம் கிடைக்கவில்லை. 1963 நவம்பர் 20 ஆம் திகதி காலமானார். மறு ஆண்டு வெளிவந்த 'அருணகிரிநாத'ரில் அவருடைய பெயரும் டி. ஆர். பாப்பாவின் பெயரும் சேர்ந்து வந்தன.

சாருகேசி பற்றி நான் வாயால் சொன்னது போதாது. அடுத்து நம் சங்கீத ஆசிரியர் அந்த மூன்று பாட்டின் பல்லவிகளையும் ஒரே சுருதியில் அடுத்தடுத்துப் பாடிக் காட்ட இசைந்திருக்கிறார். பஞ்சமத்துக்கு மேலே போகும்போது மட்டும் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.